முந்திரிகைக் கல்லு

லண்டன் முடிகிற இடத்தில் ஒரு சரிவு இருக்கிறது. பஸ் அங்கே கடைசித் தரிப்பில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அதற்கு அப்பால் குதிரை லாயங்கள், ஒரு கோல்ஃப் மைதானம், பிறகு வேலிக்கு மேலால் ஓயாமல் வரும் மோட்டர்வேயின் இரைச்சல். காற்று வடக்கிலிருந்து வீசும்போது அது கடல் மாதிரிக் கேட்கும். வடமராட்சியின் மணற்காட்டுக் கரையில் பிறந்த பெனிற்றாவுக்கு முதல் வருடம் அந்த இரைச்சல் துணையாக இருந்தது. இப்போது அது நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

அந்தச் சரிவில், தெற்கைப் பார்த்தபடி, வரிசை வரிசையாக முந்திரிகைக் கொடிகள் நிற்கின்றன. முந்திரிகை என்றதும் இந்தியத் தமிழர் கொட்டையை நினைத்துவிடுகிறார்கள். சவுத்தாலிலிருந்து ஒரு கடைக்காரர், "ஆமாங்க, லண்டன்ல முந்திரி காய்க்குதாமே, மொத்தமா எடுத்துக்கிறேன்" என்று காரில் வந்து இறங்கி, கொடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது திராட்சையில்ல!" என்று சிரித்துக்கொண்டு போனார். போகும்போது ஒரு குலை பறித்து வாயில் போட்டவர், கார் கதவைத் திறந்து துப்பிவிட்டுத்தான் ஏறினார்.

துப்பாமல் என்ன செய்வார்? அது றீஸ்லிங். குளிர் நாட்டு இனம், பிந்திப் பழுப்பது, பிடிவாதமானது. "இங்கை அது பழுக்காது, வேற நடு" என்று எல்லாரும் பெனிற்றாவின் புருஷன் ஜெராட்டுக்குச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. இளவயதில் அகதியாக ஜெர்மனிக்குப் போனவர், மொசல் ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் நடத்திய வைன் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். தகப்பன், தாய், இரண்டு மகள்மார், ஒரு நாய், இவர். ஏணி வைத்தது போன்ற மலைச்சரிவில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கொடி வெட்டியவர். லண்டனுக்கு வந்து, பெற்றோல் ஸ்டேசன், தபால் வான் என்று காலம் போனது. பிறகு குதிரைக்காரர் ஒருவர் கைவிட்ட இந்தச் சரிவை முதன்முதல் பார்த்தபோது, அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மணந்தார். பெனிற்றா காருக்குள் இருந்து அதைப் பார்த்தாள். தன் கழுத்தை அவர் ஒருநாளும் அப்படி மணந்ததில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது. கோபம் வரவில்லை. ஒரு மனிதனுக்குள் இப்படியும் ஒரு அறை பூட்டிக் கிடந்திருக்கிறதே என்ற வியப்புத்தான் வந்தது.

முதல் சில வருடங்கள் பழத்தை வேறு வைன்காரருக்கே கொடுத்தார்கள். சொந்தமாக வைன் செய்தது போன இலையுதிர்காலத்தில்தான். அதற்கும் பெனிற்றாவின் வாய்தான் காரணம்.

மகள் ஷெறோனுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் கலைந்துபோனது. மூன்றாவது தடவை தங்கியிருக்கிறது என்று தெரிந்த கிழமைதான் வோல்சிங்ஹாம் மாதாவுக்குத் தமிழர் போகும் யாத்திரை. ஜூலை வெயில். சனம் பாய் விரித்துப் புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த புல்வெளியைத் தாண்டிப் போய், பெனிற்றா மாதாவின் முன்னால் முழந்தாளில் நின்றாள். 'இந்தமுறை பிள்ளை சுகமாப் பிறந்தால், எங்கட தோட்டத்தின்ர முதல் வைன் பூசைக்கு. ஒண்டும் கலவாமல். பூசைக்குப் போகுமட்டும் என்ர நாக்கில ஒரு துளி படாது.'

ஒன்றும் கலவாமல் என்ற சொல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. பால் என்றால் தண்ணீர் கலவாமல், எண்ணெய் என்றால் கலப்படம் இல்லாமல். அந்த மாதிரி ஒரு பேச்சுவழக்கில் வந்துவிட்டது. அது எத்தனை பெரிய சொல் என்று அவளுக்கு ஒக்டோபரில்தான் விளங்கியது.

அந்தக் கோடை மழையாகவே போனது. குலைகள் மஞ்சளாகத் தெரிந்தன. ஆனால் ஜெராட் பழச்சாற்றில் ஒரு துளியைச் சீனி அளக்கும் சின்னக் குழாயில் விட்டு, வானத்தைப் பார்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்துவிட்டு இறக்கினார்.

"என்னப்பா, எப்பிடி?"

"பழுக்கேல்லை."

"மஞ்சளாத்தானே கிடக்கு?"

"கண்ணுக்கு மஞ்சள். உள்ளுக்கு வெயில் இல்லை."

அடுத்த நாள் அவருடைய வானின் பின்பக்கம் சீனி மூட்டைகள் இருந்தன. அவள் கதவைத் திறந்தபடியே நின்றாள்.

"இஞ்சருங்கோ, உது என்னத்துக்கு?"

"பழச்சாத்துக்குப் போட."

"ஐயோ! ஒண்டும் கலவாமல் எண்டெல்லோ நான் நேர்ந்தனான்!"

"நேர முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"மாதாவுக்கு முன்னால முழந்தாளில நிண்டுகொண்டு, கொஞ்சம் பொறு தாயே, அவரிட்டைக் கேட்டுப்போட்டு வாறன் எண்டே சொல்லுறது?"

ஜெராட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "பெனிற்றா, கேளும். குளிர் நாட்டில சீனி போடுறது களவில்லை. மொசலிலயும் போடுறவை. சீனி நொதிச்சுப் போயிடும், இனிப்பாக்கூட நிக்காது. போடாட்டி வைன் நிக்க மாட்டாது. பச்சைப் புளி. சாமியார் பூசையில ஒரு வாய் குடிச்சுப்போட்டு முகத்தைச் சுளிச்சால், சனம் என்ன நினைக்கும்?"

"சாமியாரே சொன்னவர், பூசை வைனில முந்திரிகையைத் தவிர வேற ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு."

"அவர் லேசாச் சொல்லிப்போட்டுப் போவார். வெயிலுக்கு ஆர் பொறுப்பு?"

"நேந்தது நேந்ததுதான், அப்பா. எங்களுக்கில்லை. ஷெறோனுக்கு."

அவர் மகளின் பெயரைக் கேட்டதும் வானின் கதவைச் சாத்தினார். கொடிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சரி" என்றார். அந்த ஒரு சொல்தான். அதன்மேல் ஒரு சத்தியம் இல்லை, கைபிடித்துச் சொன்ன ஒரு வாக்கு இல்லை. 'சரி.' முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு வீட்டில் இருக்கும் இருவருக்கு இடையில் அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டு! ஒப்புக்கொண்டேன் என்றும் உண்டு, விட்டுவிடு என்றும் உண்டு.

அறுவடைக்கு ஷெறோனின் புருஷன் சுஜீத் வேலைக்கு லீவு போட்டு வந்தான். விரல்கள் விறைக்க விறைக்கக் குலை வெட்டினார்கள். குளவிகள் பழத்தைவிட ஜெராட்டின் தொப்பியைத்தான் அதிகம் சுற்றின. பிழிந்த சாறு கொட்டகையில் உருக்குத் தாங்கிக்குள், ஆளுயரத்துக்கு மேலான அந்த மூடிய தொட்டிக்குள் போனது. ஈஸ்ட்கூடப் போடக்கூடாது என்று ஜெராட் தானே சொன்னபோது பெனிற்றாவின் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. "ஒண்டும் கலவாமல் எண்டால் ஒண்டும் கலவாமல்தான்" என்றார், அரைக் குத்தலாக.

பல நாட்களாகத் தாங்கி ஊமையாக இருந்தது. ஒரு காலை, கொட்டகையைக் கூட்டப் போனவள் உள்ளே யாரோ இருப்பதுபோலத் தோன்றித் திடுக்கிட்டு நின்றாள். யாரும் இல்லை. தாங்கிதான். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். இடைவெளி விட்டு இன்னொன்று. உள்ளங்கையை உருக்கில் வைத்தாள். கொட்டகை முழுதும் குளிர், அது மட்டும் சூடாக இருந்தது. ஒருவரும் ஒன்றும் போடவில்லை. தோலில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று, காற்றில் வந்த ஏதோ ஒன்று, தானாக விழித்துக்கொண்டு தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது. மகள் தன் வயிற்றில் முதன்முதல் துடிப்பை உணர்ந்து போன் எடுத்ததும் அந்தக் கிழமைதான். பெனிற்றா இரண்டையும் சேர்த்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சின்னதாகிவிடும் என்று பட்டது. ஒவ்வொரு காலையும் போய்த் தாங்கியில் கை வைத்துவிட்டு வந்தாள்.

வான் ஒருநாள் வெறுமையாக நின்றது. சீனி மூட்டைகள் அதற்குள் இல்லை, கொட்டகையிலும் இல்லை. கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. கேட்டு, அவர் 'போட்டிட்டன்' என்று சொல்லிவிட்டால்?

ஜனவரியில் உறைபனி வந்தது. மற்ற வீடுகள் கதவிடுக்குக்குத் துணி செருகின. ஜெராட் கொட்டகைக் கதவை அகலத் திறந்துவைத்தார். "குளிர் உள்ள போகட்டும்" என்றார். பகலில் கொடி வெட்டினார். ஒவ்வொரு கொடியிலும் எந்தக் கண்ணை விடுவது, எந்தக் கண்ணை எடுப்பது என்று நின்று நின்று பார்ப்பார். முளை வரும் கணுவைத் தமிழில் கண் என்பதுபோல ஜெர்மனியிலும் கண் என்றுதான் சொல்வார்கள் என்று அவர் சொன்னபோது பெனிற்றாவுக்கு மயிர் சிலிர்த்தது. காய்ந்த சுள்ளி மாதிரி நிற்கிறது. அது முழுக்கக் கண். மூடிய கண்கள். அவற்றுக்குள் சித்திரை மாதத்தின் இலையும் புரட்டாதியின் குலையும் இப்போதே சுருண்டு கிடக்கின்றனவாம்.

மாலையில் அவர் தாங்கியின் குழாயில் ஒரு மிடறு பிடித்து, வாயில் வைத்து, வெளியே துப்புவார். அவள் கொட்டகைக்கு எதிரே வீட்டுக் குசினி யன்னலால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முகம் சுருங்கும்.

"எப்பிடி?"

"பல்லுக் கூசுது."

ஒவ்வொரு மாலையும் அதே பதில். ஒரு மாலை மட்டும் அவர் துப்பிவிட்டு இன்னொரு மிடறு பிடித்தார். முகம் சுருங்கவில்லை. அவளுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. புளி எப்படித் தானாகக் குறையும்?

*

பெப்ரவரியில் வைனைத் தெளிவாக இறுத்து அடுத்த தாங்கிக்கு மாற்றும் நாள். ஜெராட்டின் தமக்கை மரியநாயகி மனோர் பார்க்கிலிருந்து எலிசபெத் லைன் ரயில், பிறகு இரண்டு பஸ் பிடித்து, ஒரு சருவச்சட்டி நிறைய இடியப்பமும் போத்தலில் சொதியும் கொண்டு வந்து இறங்கினாள். வந்ததும் சப்பாத்தின் சேற்றைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டினாள்.

"லண்டன் எண்டு சொல்லி உங்கை ஒரு வன்னிக் காட்டைக் கட்டி வைச்சிருக்கிறான் என்ர தம்பி. பஸ் டிரைவர் கேக்கிறான், அம்மா நீ ஷுவராத்தான் இறங்கிறியோ எண்டு."

"மச்சாள், முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

பம்பு இரைந்தது. வைன் தெளிந்த பொன்னிறமாகக் கண்ணாடிக் குழாய்க்குள்ளால் ஓடியது. தாங்கி வெறுமையானதும், அதைக் கழுவச் சுடுதண்ணி மெஷின் இரவல் வாங்க ஜெராட் குதிரைப் பண்ணைக்குப் போனார். அவருடைய வான் வளைவில் மறையவும் பெனிற்றாவின் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"அம்மா, டோன்ட் பேனிக், ஓகே? பேபி காலமையில இருந்து பெரிசா மூவ் பண்ணேல்லை. மிட்வைஃபுக்குப் போன் அடிச்சனான். செக் பண்ண வரச் சொல்லியிருக்கினம். சுஜீத் டிரைவ் பண்றார்."

"நான் வாறன் பிள்ளை."

"நீங்கள் வந்து சேர முதல் முடிஞ்சிடும். சும்மா செக்தான். அடிக்கிறன். செபம் சொல்லுங்கோ."

மரியநாயகி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னவாம்?"

"துடிப்புக் குறைவாம்."

"சில நேரம் பிள்ளையள் நித்திரை கொள்ளுறவை. என்ர மூத்தவன் வயித்துக்குள்ளயும் நித்திரை, வெளியில வந்தும் நித்திரை, இப்ப நாப்பது வயசிலயும் நித்திரைதான்." அவள் சொல்லிவிட்டுப் பெனிற்றாவின் முகத்தைப் பார்த்தாள். பகிடியைத் தொடரவில்லை. "வாரும். கையைக் காலை அசைச்சுக்கொண்டிருந்தால் நேரம் போகும். தாங்கிக்குள்ள மண்டியை வழிப்பம்."

பெனிற்றா ஏணியில் ஏறி, மேல்மூடியைத் தூக்கி, டோர்ச்சை உள்ளே அடித்தாள்.

டோர்ச்சை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

உள்ளே சுவரெல்லாம் பளிங்கு. மேலிருந்து அடிவரைக்கும் கல்லாகப் படிந்து, டோர்ச் அசைய அசைய ஒவ்வொரு முனையாக மின்னியது. அடியில் குவியல் குவியலாகக் கிடந்தது. பூசைக்கு எல்லா மெழுகுதிரியையும் ஏற்றிவிட்டுக் கோயிலை வெறுமையாக விட்டதுபோல இருந்தது. சில கணம் அவள் வேறொன்றையும் நினைக்கவில்லை. இத்தனை அழகை இந்தக் கொட்டகையில், இந்த மழையும் சேறுமான இடத்தில் எதிர்பார்க்கவே இல்லை.

பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. தெரியாமல் இருக்க அவளால் முடியாது. பனைகளுக்கு நடுவே வளர்ந்தவள். பதநீரைக் காய்ச்சி முட்டிக்குள் ஊற்றி நூலைத் தொங்கவிட்டு மூடி வைத்தால், மாதங்கள் கழித்து முட்டியை உடைக்கும்போது உட்புறமெல்லாம் இதே மாதிரித்தான் கல்லுப் படிந்திருக்கும். கல்லாக்காரம், பனங்கற்கண்டு. இனிப்பிருந்த பாத்திரத்தில் மட்டுமே அது விளையும்.

"மச்சாள்" என்றாள். குரல் தாங்கிக்குள் போய்த் திரும்பி வந்தது. "சீனி."

"என்ன?"

"போட்டிருக்கிறார். கல்லாக்காரமாப் படிஞ்சு கிடக்கு. வந்து பாருங்கோ."

மரியநாயகி ஏணியின் பாதியில் ஏறி, எட்டி, "யேசுவே!" என்றாள். அவளும் வடமராட்சிக்காரி. அவளுக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. "கல்லாக்காரம்தான். உந்தளவு எங்கட சின்னையா வீட்டிலகூட விளைஞ்சதில்லை."

பெனிற்றா இறங்கி, கவிழ்த்துப்போட்ட கூடையில் இருந்தாள். கையில் போன். பூசைக்குப் போகப் போகிற வைன். ஒன்றும் கலவாமல் என்று சொன்ன வாய். காலையிலிருந்து அசையாத பிள்ளை. மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இது மூடநம்பிக்கை என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. அவள் படித்தவள், கவுன்சில் நூலகத்தில் பத்து வருடம் வேலை செய்தவள். மாதா கணக்குப் பார்த்துப் பிள்ளையைப் பிடித்துவைப்பவள் இல்லை என்றும் தெரியும். ஆனால் தெரிவது ஒரு பக்கம் இருந்தது, பயம் இன்னொரு பக்கம் இருந்தது. அதைவிட அடியில் வேறொன்றும் கிடந்தது. பயத்தை ஒதுக்கிப் பார்த்தால், அங்கே ஒரு சின்னச் சொல். 'சரி.' அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல்.

வான் வந்து நின்றது. ஜெராட் மெஷினை இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி?"

மரியநாயகிதான் சொன்னாள். "தம்பி, பிள்ளைக்குத் துடிப்புக் குறைவாம். ஆஸ்பத்திரிக்குப் போகினம்."

அவர் மெஷினின் கைபிடியை விட்டார். "எப்ப அடிச்சவள்?"

"இப்பதான்" என்றாள் பெனிற்றா. "அப்பா, நீங்கள் சீனி போட்டனீங்களோ?"

"என்ன?"

"வைனுக்கை சீனி போட்டனீங்களோ எண்டு கேக்கிறன்."

"இல்லை."

"தாங்கியைப் பாருங்கோ."

அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாதவர்போல, "அது வைன்ஷ்டைன்" என்றார். "ஜெர்மனியில அப்பிடித்தான் சொல்லுறவை. ஷ்டைன் எண்டால் கல்லு. வைன்கல்லு. குளிர் பட்டால் வைனுக்குள்ள இருந்து கல்லு விழும்."

"கல்லாம்! கல்லாக்காரம் எண்டு சொல்லுங்கோ."

"பெனிற்றா, நான் போட்டிருந்தால் நொதிச்செல்லோ போயிருக்கும்."

"கூடப் போட்டால் படியாதோ? முட்டியில படியிறது எப்பிடி? எனக்கே கல்லாக்காரம் படிப்பிக்கிறீங்கள்?"

"ருசிச்சுப் பாருமன்."

"நான் ருசிக்கேலாது எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுறீங்கள்."

அது கொடுமையான வார்த்தை. வெளியே வந்தபிறகுதான் அவளுக்கு அதன் கூர் தெரிந்தது. ஜெராட் நிலத்தைப் பார்த்தார். 

"அப்ப சீனி மூட்டை எங்கை?" என்றாள், குரலைத் தணித்து.

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

அவர் தயங்கினார். "சுஜீத்தின்ர தாய்க்கு. ஆர்ச்வே முருகன் கோயில் மடப்பள்ளிக்கெண்டு."

மரியநாயகிக்குச் சிரிப்புப் பீறிட்டது. வாயைப் பொத்தினாள், முடியவில்லை. "மாதாவின்ர வைனுக்கு வாங்கின சீனியை முருகன் சாப்பிட்டிட்டாரோ! அந்த மனிசியும் அங்கை பேரப்பிள்ளைக்கெண்டு பால்குடம் நேந்து வைச்சிருக்குதாம். ரெண்டு பக்கமும் பதிஞ்சு வைச்சிருக்கிறியள், பிள்ளை பிறக்காமல் என்ன செய்யும்?"

பெனிற்றா சிரிக்கவில்லை. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது?" ஜெராட் மெஷினின் குழாயைச் சுற்றி அவிழ்த்து, திரும்பச் சுற்றினார். "கொட்டிலுக்குள்ள கிடந்தால் போட்டிருப்பன். ஒவ்வொரு நாளும் குடிச்சுப் பார்த்திட்டு, இண்டைக்குப் போடுவம், ஆருக்குத் தெரியப் போகுது எண்டு நினைக்கிறனான். எனக்கு என்னை நம்பிக்கை இல்லை. அதாலதான் குடுத்தனான். உதை வந்து உமக்குச் சொல்லச் சொல்லுறீரோ?"

 அவர் சொன்னது உண்மையின் சத்தத்தோடு இருந்தது. ஆனால் தாங்கிக்குள் மின்னியது அவளுடைய கண்ணுக்குள் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. கண் பார்த்ததும் காது கேட்டதும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்க மறுத்தன. போன் பேசாமல் கிடந்தது.

மரியநாயகிதான் எழும்பினாள். "இஞ்சை, மச்சாள். உம்மட நேர்த்தி என்ன? சொல்லும் பாப்பம், வசனத்தோட."

"நாக்கில ஒரு துளி படாது எண்டு."

"துளி. துளி எண்டுதானே சொன்னீர்? கல்லு துளியே? குடிக்கிறதுக்குத்தான் நேர்த்தி. இது கடிக்கிற சாமான்." அவள் ஏணியில் ஏறி, உள்ளே கைவிட்டு, கரண்டிக் காம்பால் தட்டி ஒரு துண்டை உடைத்தாள். "கள்ளெண்டால் குத்தம். கல்லெண்டால் என்ன குத்தம்? மாதா யாழ்ப்பாணத் தமிழ் விளங்காதவவே? இந்தாரும்."

பெனிற்றாவின் உள்ளங்கையில் அது விழுந்தது. சின்ன விரல் நகமளவு. ஒரு பக்கம் உருக்கின் வழவழப்பு, மறுபக்கம் முனை முனையாக. பாரமாக இருந்தது. ஜெராட்டைப் பார்த்தாள். அவர் 'சாப்பிடு' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. இனிப்பாக இருந்தால் என்ன செய்வாள்? ஒரு பிள்ளை, ஒரு புருஷன், ஒரு நேர்த்தி, எல்லாம் இந்த நகமளவுக்குள் இருந்தன. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். வாயில் வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. மணல். பல்லுக்கிடையில் நறநறத்தது. பிறகு, நாக்கின் இரண்டு ஓரங்களாலும் அது மெல்ல எழும்பியது.

புளி.

வேறு எந்தப் புளியும் அல்ல. தேசிக்காய்ப் புளி அல்ல, மாங்காய்ப் புளி அல்ல. பழப்புளி. குசினி அலுமாரியில், போத்தலுக்குள், இன்று காலை மீன்குழம்புக்குக் கரைத்துவைத்த அதே புளி. உப்பின் சாயலோடு, தாடையை இழுத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரவைக்கும் புளி. இனிப்பு ஒரு பொட்டும் இல்லை.

அவள் நாக்கால் அதைப் புரட்டிப் பார்த்தாள். மொசலிலிருந்து வந்த கொடி, லண்டன் மழை, ஒரு நொதி, ஒரு உறைபனி, முடிவில் பழப்புளி. கோடை முழுக்க வெயிலில்லாமல் பழத்துக்குள் அடைபட்டுக் கிடந்த அத்தனை புளிப்பும், யாரும் ஒன்றும் போடாமல், யாரும் ஒன்றும் எடுக்காமல், குளிர் வந்து தொட்டதும் தன்னைத்தானே கல்லாக்கி ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறது. மிச்சம் வைனுக்கு வழிவிட்டு. அன்று மாலை அவருடைய முகம் சுருங்காதது இதனால்தான். சேர்த்துத்தான் ஒன்றை நல்லதாக்கலாம் என்று இத்தனை காலமும் சமைத்து வந்தவள் அவள். குளிருக்குக் கதவைத் திறந்துவிட்டுப் பொறுத்திருந்தாலும் ஆகும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"என்ன?" என்றார் ஜெராட், மெதுவாக.

"புளிக்குது" என்றாள்.  அவருடைய கையைப் பிடித்தாள். கொடி வெட்டி வெட்டிக் காய்த்த கை, விறைத்துப்போய் இருந்தது. "புளிக்குதப்பா."

"நான்தான் சொன்னனானெல்லோ" என்றார். அதில் வெற்றி இல்லை. மூக்கை உறிஞ்சினார். "மொசலில சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உமக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு."

மரியநாயகியும் ஒரு துண்டைக் கடித்து, முகத்தைக் கோணினாள். "ஐயோ, ரசம் வைக்கலாம்!"

போன் அடித்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். பெனிற்றா எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். பேச்சு வரவில்லை. முதலில் ஒரு சத்தம் வந்தது. குதிரையொன்று மண்ணில் ஓடிவருவதுபோல, கடகடவென்று, நிற்காமல். கொட்டகையின் தகரச் சுவரெல்லாம் அது நிறைந்தது. ஜெராட் தொப்பியைக் கழற்றினார்.

"கேக்குதா அம்மா? அதுதான் ஹார்ட் பீட். ஐஸ் தண்ணி குடிக்கத் தந்தவை. குளிர் பட்டோடன எழும்பி உதைக்குது. நித்திரை கொண்டதாம், அவ்வளவுதான்."

"நான் சொன்னனானெல்லோ, என்ர மூத்தவன் மாதிரி!" என்று மரியநாயகி கத்தினாள்.

"மாமி, ப்ளீஸ், நோ" என்றாள் ஷெறோன். பின்னால் சுஜீத் சிரிப்பது கேட்டது. "அம்மா? அம்மா, ஏன் கதைக்கிறீங்களில்லை? அழுறீங்களா? வாய்க்குள்ள என்ன?"

"கல்லு, பிள்ளை."

"வாட்?"

"முந்திரிகைக் கல்லு. வைனில விளையிறது. பழப்புளி மாதிரிக் கிடக்கு."

மறுமுனையில் ஒரு கணம் மௌனம். வாயூறும் மௌனம். எட்டு மாத வயிற்றோடு இருக்கும் பெண்ணின் மௌனம்.

"எனக்கும் வேணும்" என்றாள் ஷெறோன்.

ஜெராட் சுடுதண்ணி மெஷினை மூட்டி, குழாயைத் தூக்கிக்கொண்டு தாங்கியின் பக்கம் வந்தார். சுடுதண்ணி பட்டால் அத்தனையும் கரைந்து ஓடிவிடும். கழுவினால்தான் தாங்கி அடுத்த வருடத்துக்கு ஆகும்.

"கழுவட்டோ?" என்று கேட்டார்.

பெனிற்றா ஏணியில் ஏறியிருந்தாள். ஒரு கையில் டோர்ச், மறு கையில் கரண்டி. தலை தாங்கிக்குள் இருந்ததால் அவளுடைய குரல் பெரிதாக, மணியடித்ததுபோல வந்தது.

"கொஞ்சம் பொறுங்கோப்பா. இன்னும் பாத்து முடியேல்லை."